உயிருள்ள சான்றுப் பொருள் இலக்கம் 41

பதுளையில் பழைய பங்களா ஒன்றில் இயங்கிவந்த உயிருள்ள சான்றுப் பொருட்கள் பராமரிப்புச் செயலகத்தில் பதினோரு உத்தியோகத்தர்கள் இருந்தார்கள். ஒரு லொறி இருந்தது. உயிருள்ள சான்றுப் பொருள் மட்டும் இருக்கவில்லை.

முன்பு இருந்தன. வழக்கு முடியும்வரை உயிரோடு வைத்திருந்து நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டிய பிராணிகளைப் பொலிசார் இங்கேதான் கொண்டுவந்து விடுவார்கள். கடைசியாக வந்தவை சண்டைச் சேவல்கள் மூன்றும், களவுபோய்க் கிடைத்த ஆடு ஒன்றும். சேவல்கள் புத்தாண்டு விருந்தோடு காணாமல் போயின. ஆடு இயற்கை மரணம் எய்தியதாகக் கோப்பில் எழுதியிருந்தது. அது இயற்கை மரணம் எய்திய அன்று பதினோரு பேரில் ஒருவர்கூட மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருசமாக ஒன்றும் வரவில்லை. கொழும்பிலிருந்து, செயலகத்தை மூடினால் என்ன என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. செயலாளர் செல்வரத்தினம் அதற்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான், 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம், பொலிஸ் ஜீப்பில் ஒரு செடி வந்து இறங்கியது.

அது பெரகலைக்குக் கீழேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வந்தது. அங்கே அடையாள அட்டை பார்க்கப் போன சார்ஜன்ட், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் மர அலுமாரியைத் திறந்தார். உள்ளே நாலு பக்கமும் தேயிலைப் பெட்டி ஈயத்தாள். நடுவில் வயர், வயரின் நுனியில் பல்ப். குண்டு என்று நினைத்து சார்ஜன்ட் தரையில் படுத்துவிட்டார். முழு லயத்தையும் வெளியேற்றி, பண்டாரவளையிலிருந்து ஆட்களை வரவழைத்து, மூன்று மணித்தியாலம் கழித்துப் பார்த்தால், பால்மா வந்த ஒரு பழைய தகர மாப்பேணியில் ஒன்பது அங்குல உயரத்தில் ஒரு கஞ்சாச் செடி. சார்ஜன்டுக்கு அந்த ஏமாற்றம் தாங்கவில்லை. அலுமாரிக்குச் சொந்தக்காரனான ரமேஸுக்கு இரண்டு அறை கூடுதலாக விழுந்ததற்கு அதுதான் காரணம்.

ரமேஸ் சுற்றுலாப் பயணிகள் வருகிற எல்ல நகரில் ஒரு தங்குவிடுதியில் வேலை செய்தவன். அங்கே தங்கிய வெள்ளைக்காரன் ஒருவன் போகும்போது சந்தோசமாக ஒரேயொரு விதை கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அது புதுச் சாதியாம். வீட்டுக்குள்ளேயே வளருமாம். பகல் இரவு பார்க்காமல், அதற்கு வயது வந்ததும் தானாகவே பூக்குமாம். ரமேஸுக்கு இருபத்திரண்டு வயது. அதற்குமுன் அவன் வளர்த்தது மீசை ஒன்றுதான்.

அவனைத் தடுப்புக் காவலில் போட்டார்கள். பதினாலு நாளைக்கு ஒருதரம் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து, திருப்பிக் கொண்டுபோனார்கள். சான்றுப் பொருள் பற்றிய அறிக்கை வந்தால்தான் வழக்கை எடுக்கலாம் என்றார்கள். அறிக்கை எங்கேயிருந்து வரும் என்று அவனுடைய தாய் கருப்பம்மா கேட்டாள். அவளைச் செயலகத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

அவள் போனபோது பதினோரு பேரும் செடியைச் சுற்றி நின்றார்கள். கோயிலில் சாமியைச் சுற்றிக்கூட அவள் அப்படி ஒரு கூட்டம் கண்டதில்லை.

"நீரோ தாய்?" என்று கேட்டார் செல்வரத்தினம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருசம் மலைநாட்டில் உத்தியோகம் பார்த்தும், தோட்டத்து ஆட்களோடு பேசும்போது அரை அடி பின்னால் நின்று பேசுகிற வழக்கம் அவருக்குப் போகவில்லை. "தோட்டத்திலை என்ன வேலை?"

"கொழுந்து எடுக்கிறேங்க ஐயா. முன்னாடி கன்று மேடையிலயும் இருந்தேன்."

செல்வரத்தினம் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். "பார்த்தியளோ? நிபுணர் தேடிக் கொழும்புக்கு எழுதச் சொன்னியள். நிபுணரே பஸ் ஏறி வந்திட்டா." பிறகு அவளிடம், "இந்தாரும், கவனமாய்க் கேளும். சான்றுப் பொருளை எடுத்தபடியே நீதிமன்றத்திலை வைக்க வேணும். இது எடுக்கேக்கை ஒன்பது அங்குலம். விசாரணை அண்டைக்கும் ஒன்பது அங்குலம் நிக்க வேணும்."

"அது வளரும்ங்களே ஐயா."

"வளர விடப்படாது. வளர்ந்தால் உம்மடை மகன்ரை குற்றமும் சேர்ந்து வளரும்."

"அப்ப தண்ணி ஊத்தாம விட்டுருவோமுங்களா?"

"செத்தால் சாட்சியத்தை அழிச்சதெண்டு அவனுக்கு இன்னொரு வழக்கு. பிறகு பொடியன் வெளியிலை வாறதுக்கு வருசக் கணக்காகும்."

கருப்பம்மா செடியைப் பார்த்தாள். அது சின்னதாக, ஒரு பாவமும் அறியாததுபோல நின்றது. வளர்ந்தாலும் மகனுக்குக் கேடு, செத்தாலும் கேடு.

"நீங்கள்லாம் இத்தன பேரு இருக்கீங்களே ஐயா. நீங்களே பாத்துக்கிட்டா என்ன?"

செல்வரத்தினம் திடுக்கிட்டார். "நாங்கள் தண்ணி ஊத்தினால் அது கஞ்சா வளர்க்கிறது. பெரிய குற்றம். நாங்கள் அரசாங்க உத்தியோகத்தர்."

"நான் ஊத்தினா?"

"நீர் உத்தியோகத்தர் இல்லையே" என்றார் செல்வரத்தினம், அதற்குமேல் அதில் விளக்க ஒன்றுமில்லை என்பதுபோல.

இப்படியாக, வாரத்தில் இரண்டு நாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகாமல், அந்த நாட்களின் பேரையும் அதற்கான கூலியையும் இழந்து, கருப்பம்மா பெரகலையில் பஸ் ஏறி அப்புத்தளை, பண்டாரவளை தாண்டிப் பதுளைக்கு வந்து கஞ்சாச் செடி பார்க்கத் தொடங்கினாள். ஐம்பத்தொரு வயதில் அவள் படித்த முதல் புதுத் தொழில் அது.

செடியைக் கோப்பு அறையில் வைத்தார்கள். கள்ளருக்குப் பயந்து ஜன்னல் இல்லாத அறையாகத் தேர்ந்தெடுத்தார்கள். கள்ளர் என்று செல்வரத்தினம் சொன்னது தன் உத்தியோகத்தர்களைத்தான். இரண்டு நாளில் செடி வெளிறித் தலை சாய்ந்தது.

"வெளிச்சம் வேணுங்க ஐயா" என்றாள் கருப்பம்மா. "எம் மகன் பல்ப் வச்சிருந்தானே, அந்த பல்ப்பயே மாட்டுங்களேன்."

"அது சான்றுப் பொருள் நாற்பத்திரண்டு. நாற்பத்திரண்டைப் பாவிச்சு நாற்பத்தொன்றை வளர்த்தால் இரண்டு பொருளும் பழுதாய்ப் போச்செண்டு சட்டத்தரணி சொல்லுவார்."

புது பல்ப் கேட்டு இலிகிதர் கமலாதேவி மாகாணக் காரியாலயத்துக்கு எழுதினாள். மின்குமிழ்கள் ஊழியர் பாவனைக்கு மட்டுமே என்று பதில் வந்தது. செல்வரத்தினம் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் முழுவதும் யோசித்தார். மறுநாள் செடிக்கு நியமனக் கடிதம் தயாரானது. தற்காலிக ஊழியர், தரம் நான்கு, பணியிடம் கோப்பு அறை. பல்ப் அடுத்த நாளே வந்துவிட்டது. தினமும் காலையில் கமலாதேவி வரவுப் பதிவேட்டை எடுத்துப்போய், மாப்பேணிக்குப் பக்கத்தில் வைத்து, செடியின் சார்பில் கையெழுத்துப் போட்டாள்.

"எனக்கும் ஒரு கடுதாசி தந்தா, தோட்டத்துல காட்டி அந்த ரெண்டு நாள் பேர வாங்கிக்குவேனுங்க" என்றாள் கருப்பம்மா.

"உமக்கு என்னெண்டு தாறது? உம்மை வேலைக்கு எடுக்கேல்லையே" என்றார் செல்வரத்தினம்.

வெளிச்சம் கண்ட செடி ஒரே வாரத்தில் பதினோரு அங்குலம் ஆனது. உயரம் அளந்த உத்தியோகத்தர் அடிமட்டத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். செல்வரத்தினம் கருப்பம்மாவைக் கூப்பிட்டு, அவள் வேண்டுமென்றே குற்றத்தை இரண்டு அங்குலம் கூட்டிவிட்டதாகச் சத்தம் போட்டார்.

கருப்பம்மாவுக்குக் கஞ்சா தெரியாது, தேயிலைதான் தெரியும். தேயிலை ஏன் மரமாகாமல் இடுப்பளவில் நிற்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிற்க வைப்பதே அவள் விரல்கள்தான். அவள் அடிமட்டத்தைப் பேணிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஒன்பது அங்குலத்துக்கு மேலே இருந்ததையெல்லாம், பெருவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து, டிக் டிக்கென்று கிள்ளி எடுத்துவிட்டாள்.

"ஒன்பது" என்றார் அளந்தவர், கண் கலங்கி.

அன்று செயலகத்தில் தேநீரோடு கேக்கும் கொடுத்தார்கள். கருப்பம்மாவுக்குத் தேநீர் மட்டும் கிடைத்தது.

ஆனால் கிள்ளிய கொழுந்தை என்ன செய்வது? எறிந்தால் சாட்சியத்தை அழித்த குற்றம், வைத்திருந்தால் கஞ்சா வைத்திருந்த குற்றம். கடைசியில் அதைக் காகித உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து, 41-அ என்று எழுதினார்கள். அடுத்த கிள்ளலுக்கு 41-ஆ. கொழுந்து கிள்ளினால் கிள்ளிய இடத்தில் இரண்டு கிளைக்கும். செடி உயராமல் பக்கவாட்டில் பெருத்தது. ஒன்பது அங்குல உயரத்தில், பேணியை விட மூன்று மடங்கு அகலத்தில், குட்டித் தேயிலைச் செடிபோல நின்றது. சான்றுப் பொருள் பராமரிப்புச் சுற்றறிக்கையில் அகலத்தைப் பற்றி ஒன்றும் இல்லாததால் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. உறைகள் அலுமாரியை நிறைத்தன. உயிரெழுத்து முடிந்ததும், இனி மெய்யெழுத்தா உயிர்மெய்யா என்று கேட்டு கமலாதேவி ஒரு குறிப்பு எழுதினாள். அதைத் தீர்மானிக்க மூன்று பேர் கொண்ட குழு போடப்பட்டது.

அந்தக் குழு கூடுவதற்கு முன் செடி பூத்துவிட்டது.

வெள்ளைக்காரன் சொன்னபடியே தானாகத்தான் பூத்தது. பல்ப் அணையவே இல்லை, இரவு என்பதே அது அறியாது, ஆனாலும் பூத்தது. நுனியெல்லாம் வெள்ளை மயிர் வைத்துக் கொத்துக் கொத்தாய்க் கிளம்பியது. நாற்றம் கோப்புகளுக்குள் ஏறியது. மாகாணக் காரியாலயத்துக்குப் போன பங்களாவின் காணிக் கோப்பு ஒன்று ஐந்து மேசைகளில் முகர்ந்து பார்க்கப்பட்டுத் திரும்பி வந்தது.

செல்வரத்தினம் அவசரக் கூட்டம் கூட்டினார். இளைப்பாறிய விவசாய அதிகாரி நல்லையாவை வரவழைத்தார்கள். அவர் 1957ஆம் ஆண்டுக் கைநூல் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, செடியைச் சுற்றி மூன்று தரம் நடந்தார். கருப்பம்மா கதவோரம் நின்றாள்.

"கஞ்சா எண்டால் இரவு நீளவேணும். அப்பதான் பூக்கும்" என்றார் நல்லையா. "புத்தகத்திலை தெளிவாய்க் கிடக்கு. இந்த அறையிலை பல்ப் அணைச்சதே இல்லை எண்டுறியள். அப்ப கஞ்சா பூக்க ஏலாது. இது பூத்திருக்கு. ஆனபடியால் இது கஞ்சா இல்லை."

கருப்பம்மா இரண்டெட்டு உள்ளே வந்துவிட்டாள். "அப்ப எம் மகன விட்டுருவாங்களா ஐயா?"

பிஸ்கட் தட்டு ஒருதரம் மேசையைச் சுற்றி வந்தது.

"நீங்கள் சாப்பிடுங்கோ" என்று நல்லையாவிடம் சொல்லிவிட்டு செல்வரத்தினம் எழுந்தார். "நான் மனச்சாட்சிக்கு விரோதமாய்ப் பேசிறதில்லை. இது கஞ்சா இல்லையெண்டால் பொடியன் வெளியிலை போயிடுவான். நல்ல விசயம். ஆனால் நாங்கள் எங்கை போறது? பதினோரு குடும்பம். ஒரு லொறி. இரண்டு வருசத்துக்குப் பிறகு கிடைச்ச ஒரே ஒரு உயிருள்ள பொருள். அதின்ரை பேரைச் சொல்லி மேல்மாடி கட்ட அனுமதி கேட்டிருக்கிறன். ஒரு தோட்டத்துப் பொடியன் உள்ளுக்கை இருந்தால் ஆருக்கு நட்டம்? அவனுக்கு அங்கை மூன்று நேரமும் சாப்பாடு. இந்த நிறுவனம் வெளியிலை போனால் நாட்டுக்கு நட்டம்."

பத்துப் பேரும் தலையை ஆட்டினார்கள். நல்லையா இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு, அச்சில் பிழை இருக்கவும் கூடும் என்றார். தீர்மானம் எழுதப்பட்டது: பூ உத்தியோகபூர்வமாக அவதானிக்கப்படவில்லை. நாற்றமும் அவ்வாறே.

கருப்பம்மா பஸ்ஸுக்கு நடந்தாள். இத்தனை நாளும் அந்தச் செயலாளர் ஏதோ சட்டத்துக்குப் பயந்துதான் இப்படியெல்லாம் ஆடுகிறார் என்று நினைத்திருந்தாள். சட்டமுமில்லை, ஒரு மண்ணுமில்லை. மகன் உள்ளே இருந்தால் அவர்களுக்கு மேல்மாடி. அவ்வளவுதான்.

ஆனாலும் அடுத்த வாரம் போனாள். போகாவிட்டால் செடி சாகும், செத்தால் இன்னொரு வழக்கு.

கஞ்சாதான் என்று செயலகம் அனுப்பிய அறிக்கையின்மேல் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அதற்குப் பதினாறு நாள் இருக்கும்போது செடி மஞ்சளாகத் தொடங்கியது. கருப்பம்மா தண்ணீரைக் கூட்டினாள், குறைத்தாள், லயத்து மாட்டுப்பட்டியிலிருந்து எரு கொண்டுவந்து போட்டாள். இலை இலையாகக் கொட்டியது. நோயுமில்லை, பூச்சியுமில்லை. கத்தரிச் செடி காய்த்து ஓய்ந்து போகுமே, அந்த மாதிரி.

"இதுக்கு வயசு முடிஞ்சிருச்சுங்க ஐயா" என்றாள்.

"ஊழியர் முன்னறிவித்தல் தராமல் போக ஏலாது" என்றார் செல்வரத்தினம். ஒரு மாத முன்னறிவித்தல் தராமைக்கு விளக்கம் கேட்டுச் செடிக்குக் கடிதம் அனுப்பினார். கமலாதேவி அதைப் பேணிக்கு அடியில் செருகிவைத்தாள். செடி பதில் சொல்லாமல் ஐந்து நாளில் செத்தது. சுள்ளிக் குச்சி ஒன்று, அதில் மண்ணிறத்தில் சுருண்ட இலைகள் கொஞ்சம், அவ்வளவுதான்.

செல்வரத்தினம் அதற்கும் வழி வைத்திருந்தார். பண்டாரவளையில் இப்றாஹீம் என்பவரின் பெயின்ட் கடைக்கு லொறியை அனுப்பி, இரும்புக் கேட்டுக்குப் பூசுகிற பச்சைப் பெயின்ட் கால் லீட்டர் வாங்கினார். நாலு பிரதி எடுத்து உத்தரவு எழுதினார்: சான்றுப் பொருள் 41இன் நிறம், எடுத்தபடியே மீளமைக்கப்படுதல் வேண்டும்.

"இது செத்துப்போன செடிங்க ஐயா. இதுக்குப் போயி பெயின்ட் அடிக்கச் சொல்றீங்களே."

"செத்ததெண்டு ஆர் அறிவிச்சது? எனக்கு அறிக்கை வரேல்லை. அடியும். உம்மடை மகனுக்காகத்தானே சொல்லுறன்."

அவள் அடித்தாள். ஒவ்வொரு இலையாகப் பிடித்து, உடையாமல், இரண்டு பக்கமும் அடித்தாள். முப்பது வருசம் எத்தனையோ பச்சை பார்த்தவள், இப்படிப்பட்ட பச்சையைப் பார்த்ததில்லை.

விசாரணை நாளில் பதினோரு பேரும் லொறியில் வந்தார்கள். செடிக்குச் செல்வரத்தினம் குடை பிடித்தார். கூண்டில் ரமேஸ் பாதியாய் இளைத்து நின்றான். அவனுக்காகப் பேச வந்த சட்டத்தரணி, ஆட்சேபனை இல்லை என்பதை மூன்று மொழியிலும் சொல்லத் தெரிந்தவர். வேறு எதையும் சொல்லிக் கேட்டவர்கள் இல்லை.

செல்வரத்தினம் சாட்சிக் கூண்டில் ஏறினார். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார். நீதவான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: பொருள் எடுத்தபடியே இருக்கிறதா? ஆம் என்று சொல்லியிருந்தால் போதும். செல்வரத்தினத்துக்குப் போதவில்லை. இரண்டு வருசமாக அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"கனம் நீதவான் அவர்களே, இந்த மாகாணத்திலை ஒரு செடிக்கு இப்பிடியொரு பராமரிப்பு இதுவரைக்கும் நடக்கேல்லை. முழுப் பொறுப்பும் என்ரை. பெயர்தான் பதினோரு உத்தியோகத்தர், ஒருத்தர் சுயமாய் ஒரு விரல் அசைக்கேல்லை. தோட்டத்து மனிசி ஒண்டு வந்து போறது. அது வெறும் கை. மூளை நான். என்ரை எழுத்து மூல உத்தரவு இல்லாமல் இந்தச் செடிக்கு ஒரு துளி தண்ணி ஊத்தேல்லை, ஒரு இலை கிள்ளேல்லை, ஒண்டும் பூசேல்லை."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சுருக்காமல் அப்படியே சொன்னார். கடைசிச் சொல் வந்ததும் நீதவான் நிமிர்ந்தார். செடியைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லி ஒரு இலையைத் தொட்டார். இலை படக்கென்று உடைந்தது. அவருடைய விரல் பச்சையானது.

நீதவான் விரலைப் பார்த்தார். செல்வரத்தினத்தைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"யார் பூசியது என்று கேட்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

செல்வரத்தினம் கையை நீட்டிக் கருப்பம்மாவைக் காட்டினார். "அந்த மனிசி."

"அவங்களை எழும்பச் சொல்லுகிறார்."

கருப்பம்மா எழுந்தாள். "நான்தாங்க அடிச்சேன். ஐயா இப்பத்தான் சொன்னாரே, நான் வெறும் கைன்னு."

மொழிபெயர்ப்பாளர் சொன்னார். நீதவான் செல்வரத்தினத்திடம் மெதுவாக இன்னொன்று கேட்டார். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பெயின்டுக்கும் எழுத்து மூல உத்தரவு உண்டா என்று கேட்டிருந்தார். செல்வரத்தினம் கமலாதேவியைப் பார்த்தார். கமலாதேவி, கேட்டால் உடனே கொடுப்பதற்குப் பழகியவள், நாலு பிரதியையும் எடுத்து நீட்டினாள்.

பத்து நிமிசத்தில் முடிந்தது. பொலிசார் எடுத்தது உயிருள்ள செடி, நீதிமன்றத்தில் இருப்பது பெயின்ட் பூசிய குச்சி, ஆகவே ரமேஸுக்கு எதிராகச் சான்றுப் பொருள் எதுவும் இல்லை, அவன் போகலாம் என்று தீர்ப்பானது. சான்றைத் திருத்தியதற்குச் செல்வரத்தினம் மேல் விசாரணை நடத்தவும், அதுவரை குச்சியை எடுத்தபடியே பாதுகாக்கவும் உத்தரவானது. பாதுகாக்க வேண்டியது யார் என்று பதிவாளர் கேட்டார். அதற்கென்று மாகாணத்தில் ஒரு செயலகம் இருக்கிறதே என்றார் நீதவான். சட்டத்தரணி, ஆட்சேபனை இல்லை என்றார்.

வெளியே படியில் செல்வரத்தினம் பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கருப்பம்மாவுக்குப் பின்னால் வந்தார்.

"கருப்பம்மா, கொஞ்சம் நில்லும். திங்கக்கிழமை ஒருக்கா வாரும். இது இப்ப எனக்கு எதிரான பொருள், விளங்குதோ? பச்சை உதிரப்படாது. உதிர்ந்தால் என்ரை பென்சனே போயிடும். நீர் எண்டால் கை பழகின ஆள். இந்தமுறை நியமனக் கடிதமும் தாறன். தரம் நான்கு."

கருப்பம்மா அவரைப் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரமேஸ் உடுப்பு மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தான். மூன்று மாதம். அவள் அவனுடைய தோளைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள், சரியாகச் சாப்பிட்டானா என்று கேட்க வாயெடுத்தாள்.

ரமேஸ் செல்வரத்தினத்தின் கையிலிருந்த பேணியை எட்டிப் பார்த்தான். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"இது என் செடி இல்ல? ஏம்மா, பூத்துச்சா?"

பளாரென்று விழுந்த அறையில் பக்கத்து மரத்துக் காகங்கள் எழும்பின.

"அப்புத்தள, பெரகல, ஏறு ஏறு" என்று கத்திக்கொண்டு பஸ் வந்தது. கருப்பம்மா மகனை முன்னால் தள்ளி ஏற்றிவிட்டு, பின்னால் தானும் ஏறினாள்.